நான் வெட்டிய வாய்க்கால்

எங்கள் ஊருக்கும் கடலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நரிக்குடி போய், அங்கிருந்து இன்னும் இரண்டு பஸ் மாறினால்தான் கடலைக் கண்ணால் பார்க்கலாம். ஆனாலும் எண்பதுகளின் கடைசியில் எங்கள் ஊரில் வைத்த இயந்திரத்துக்குக் ‘கடல் மிசினு’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. திறப்பு விழாவில் ஒரு அதிகாரி, “கடல் தண்ணியையே குடிதண்ணியா மாத்துற மிசின் இது, உங்க போர் தண்ணி எம்மாத்திரம்?” என்று பேசிவிட்டுப் போனார். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டுச் சும்மா திரிந்த என்னை அதற்கு ஆபரேட்டராகப் போட்டார்கள்.

எனக்கு வேலையைவிடத் தண்ணீர்தான் முக்கியமாக இருந்தது. என் மனைவி வீரசோழன் ஊருக்கு அந்தப் பக்கம், ஆற்றில் ஊற்றுத் தோண்டிக் குடிக்கிற ஊர்க்காரி. எங்கள் போர் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, குளித்தால் தலை சடைபிடிக்கும். நல்லதண்ணீர் என்று சொல்லிக்கொள்ள ஊருணிக் கரையில் ஒரே ஒரு கிணறு. கோடையில் அதில் ஊறுவதைச் சிரட்டையால் மொண்டு ஒரு குடம் நிரப்ப அரை நாள் போய்விடும். கல்யாணமான இரண்டாம் கோடையில், கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை எதுவும் இல்லை. “தண்ணி வரட்டும், நானும் வாரேன்” என்றாள்.

மிசின் வந்தது, அவளும் வந்தாள். முதல் நாள் அடுப்பில் போட்ட பருப்பு அரைமணி நேரத்தில் குழைந்ததைப் பார்த்துச் சிரித்தாள். ஊர்ப் பெண்கள் சிலருக்கு அந்தத் தண்ணீர் சப்பென்று இருந்ததாம். குடத்தில் கொஞ்சம் உப்புத் தண்ணீரைக் கலந்து, ருசி பார்த்துக் குடித்தார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்த மிசினைப் பற்றி யாரும் கேட்காத ஒன்று உண்டு. நாலு குடம் உள்ளே போனால் ஒரு குடம்தான் நல்லதண்ணீராக வரும். மற்ற மூன்றும், அந்த ஒரு குடத்தின் உப்பையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வெளியே வரும். அந்தக் கழிவுக்கு ஊருக்குத் தெற்கே ஓடை வரை குழாய் போடுவதாக வரைபடத்தில் இருந்தது. வரைபடத்தோடு சரி. காண்டிராக்டர் ஷெட்டுக்குப் பெயிண்ட் அடித்துவிட்டுக் கம்பி நீட்டிவிட்டார். ஷெட்டைச் சுற்றிச் சேறு கட்டி, தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் வழுக்கி விழுந்தார்கள். இன்ஜினீயரிடம் போய்ச் சொன்னேன். “ஒரு வாய்க்கால வெட்டி விடப்பா, இதுக்கெல்லாமா ஆபீஸ் ஏறி வருவே?” என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து மண்வெட்டியை எடுத்தேன். ஓடைப் பக்கம் மேடு, ஒற்றை ஆளாக வெட்டினால் ஒரு மாதம் ஆகும். ஊருணிப் பக்கம் சரிவு. பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்துவிட்டது. கிணற்றுக்குக் கொஞ்சம் தள்ளி, சீமைக்கருவேலம் மண்டிய பள்ளத்தில் கொண்டுபோய் விட்டேன். காய்ந்த பூமி, குடித்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குடிக்கத்தான் செய்தது. குடித்தது எங்கே போகும் என்று நான் யோசிக்கவில்லை. இல்லை, இதுவும் பொய். யோசித்தேன். மிசின் இருக்கும்போது இனி அந்தக் கிணறு யாருக்கு வேண்டும் என்றும் யோசித்தேன். சில மாதத்தில் பள்ளத்தின் ஓரம் வெள்ளையாக உப்புப் பூத்தபோது, செதுக்கி எறிந்துவிட்டு மேலே மண்ணைப் போட்டு மூடினேன்.

ஒன்றரை வருஷத்தில் உப்பை வடிகட்டும் சவ்வு அடைத்துக்கொண்டது. புதிது கேட்டு நடையாய் நடந்தேன். அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம் என்றார்கள். ஷெட்டைப் பூட்டிய அன்று வீட்டுக்குள் நுழையவே பயமாக இருந்தது. இப்போதே பெட்டியைக் கட்டுவாள் என்று நினைத்தேன். அவளோ, “அதுக்கென்னங்க, பழைய கெணறு இருக்குல்ல? மூணு உசுருக்கு ஒரு கொடம் போதும், நான் மோந்துக்கிருவேன்” என்றாள். ஊரும் நானும் அவளுக்கு ஒட்டிப்போயிருந்தோம். பெண்டாட்டி வாயால் அப்படி ஒரு வார்த்தையைக் கேட்டுப் பயந்துபோன புருஷன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

ஒன்றரை வருஷமாக யாரும் இறைக்காத கிணறு. ஊர்கூடித் தூர் வாரினோம். நானும் உள்ளே இறங்கி மண் சுமந்தேன். தண்ணீர் ஊறியதும் முதல் வாளியை இறைத்தவள் என் மனைவிதான். இத்தனை நாள் ஊருக்குத் தண்ணீர் கொடுத்தவன் என்று சொல்லி, முதலில் எனக்கு ஊற்றச் சொன்னார்கள். உள்ளங்கையில் ஏந்திக் குடித்தேன். மிசின் கழித்துவிடும் தண்ணீரை அவ்வப்போது நாக்கில் வைத்துப் பார்ப்பது என் பழக்கம். அதே கசப்பு. விழுங்கிவிட்டேன். அவள் ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் துப்பினாள்.

“இதுவும் போச்சா?” என்றாள்.

எவனோ உர மூட்டையைக் கொட்டிவிட்டான் என்றார் ஒருவர். அடுத்த ஊர்க்காரன் பொறாமை என்றார் இன்னொருவர். என் மனைவி சாபம் விட்டு நான் அதுவரை கேட்டதில்லை. குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளித் தூற்றி, “இதச் செஞ்சவன் பிள்ளைகுட்டியோட வெளங்காமப் போகணும்” என்றாள். அதைச் செய்தவனின் பிள்ளை அவளுடைய சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. நான் அவள் கையைப் பிடிக்கவில்லை, வாயையும் திறக்கவில்லை. கோழை என்பதற்கு மேல் எனக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் பிள்ளையோடு அவளைப் பஸ் ஏற்றிவிட்டேன். திரும்பி வருவதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “கெணத்தக் கெடுத்தது யாருன்னு தெரிஞ்சா, எனக்கு ஒரு கார்டு போட்டு விடுங்க” என்றாள்.

“போடுறேன்” என்றேன்.