யன்னலடிச் சாட்சி

நான் இயல்பிலேயே சந்தேகப் பிராணி. பூட்டிய கதவைத் திரும்பவும் இழுத்துப் பார்ப்பேன். யாராவது காரணமில்லாமல் இனிக்க இனிக்கக் கதைத்தால், இவருக்கு என்ன தேவையோ என்று யோசிப்பேன். ஆகவே வீட்டிலிருந்தபடியே, விரும்பிய நேரத்தில், விரும்பிய வேகத்தில் புள்ளிவிபரவியல் படிக்கலாம் என்று மடிக்கணினித் திரை சொன்னபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இதற்குள் என்னவோ இருக்கிறது என்றுதான் பட்டது.

ஆனால் படிக்காமலும் விடமுடியாது. யாழ்ப்பாணத்தில் டிப்ளோமா முடித்திருந்தேன். அவுஸ்திரேலியாவில் ஒரு பல்கலைக்கழகம் என்னை நேரே இரண்டாம் வருடத்துக்கு எடுக்கச் சம்மதித்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. என் டிப்ளோமாவில் புள்ளிவிபரவியல் இல்லை; அதை இணையத்தில் படித்து, சோதனையில் தேறி, சான்றிதழ் அனுப்பவேண்டும். அனுப்பினால் இடம் எனக்கு. தவறினால் அது வேறொருவருக்குப் போய்விடும்.

எங்கள் வீடு உடுவிலில். அப்பா தோட்டம் செய்கிறவர், எங்கள் வெங்காயம் சுன்னாகச் சந்தைக்குப் போகும். சந்தையில் எதையும் கிளறிப் பார்க்காமல் வாங்காத மனிதர். இந்தப் படிப்பையும் அப்படித்தான் கிளறினார்.

"ஆர் படிப்பிக்கிறது?"

"ஒருத்தரும் நேரை வாறேல்லை அப்பா. வீடியோ இருக்கு. நாங்களாப் பாத்துப் படிக்கிறது."

"படிக்காட்டி ஆர் ஏசுறது?"

"ஒருத்தரும் ஏசமாட்டினம்."

"ஏச ஆளில்லாத படிப்பு என்ன படிப்பு?" என்றுவிட்டு அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவரைக் குறைசொல்ல முடியாது. எங்கள் ஊரில் படிப்பு என்றால் ரியூசன். தகரக் கொட்டகைக்குள் தோளோடு தோள் இடிபட்டு வாங்கில் இருக்கவேண்டும். முன்னால் படிப்பிக்கிற சேர் மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்தவேண்டும். கடைசி வாங்கில் யார் தூங்குகிறார் என்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். இங்கே அப்படி எதுவும் இல்லை. ஒரு குரல் மட்டும் வந்து சராசரி, விலகல் என்று தேன் ஒழுகச் சொல்லிக்கொண்டு போகும். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரன் ஒருவன் உண்மையிலேயே இருக்கிறானா என்பதே எனக்குச் சந்தேகம். அவன் ஒருதடவைகூட இருமவில்லை.

முதல் பயிற்சியிலேயே முழுப் புள்ளி வந்தது. அதையும் நான் நம்பவில்லை. பதிலை யாராவது பார்க்கிறார்களா, இல்லை எதைக் கொடுத்தாலும் சரி போடுகிறார்களா என்று அறிய, அடுத்ததில் வேண்டுமென்றே ஒரு பிழை விட்டேன். சிவப்புக் கோடு விழுந்தது. அன்றுதான் எனக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது.

அம்மாவின் சந்தேகம் வேறு வகை. அவருக்குப் படிப்பில் சந்தேகமில்லை, ஊரில்தான் சந்தேகம். எங்கள் பக்கத்தில் ஒரு காரியம் கைகூடுமுன் வெளியில் சொல்லமாட்டார்கள். பிள்ளைக்கு வெளிநாட்டில் இடம் கிடைக்கப்போகிறது என்று வாய்விட்டால், கேட்டவர்களின் நாவூறு பட்டு அது கெட்டுப்போகும் என்பது அம்மாவின் உறுதியான நம்பிக்கை. பிளேன் ஏறும்வரை மூச்சுக்காட்டக்கூடாது.

"முக்கியமா அவவுக்குத் தெரியக்கூடாது," என்றார் அம்மா, தலையை வேலிப் பக்கம் அசைத்து.

'அவ' என்பது பக்கத்து வளவு மாமி. அப்பாவுக்குத் தங்கச்சி முறை. பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில், தனியாக இருக்கிறார். இரண்டு வளவுக்கும் நடுவே கிடுகு வேலி. அதில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பொட்டு, ஓலை விலகிய இடைவெளி. கறிவேப்பிலை கேட்டு மாமி அதால் வருவார், தேங்காய் கேட்டு அம்மா அதால் போவார். வராத நேரத்தில் மாமி அந்தப் பொட்டடியில் நிற்பார். எங்கள் வீட்டுக்கு யார் வந்தார்கள், என்ன நிறத்தில் உடுத்தி வந்தார்கள், தேத்தண்ணி குடித்தார்களா இல்லையா, எல்லாம் அவருக்கு அத்துப்படி. அவருடைய கண்ணுக்கு நானும் பயந்தேன். நாவூறில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று வெளியில் சொல்லித் திரிந்தேன், ஆனாலும் பயந்தேன்.

ஆகவே யன்னலைப் பூட்டிக்கொண்டு, காதில் வயரைச் செருகிக்கொண்டு, வேர்வையில் குளித்துப் படித்தேன். மாமி வந்து கேட்கும்போதெல்லாம் அம்மா ஒரே பதிலை வைத்திருந்தார்.

"பிள்ளை எங்கை?"

"தலையிடி எண்டு படுத்திருக்கு."

"மாதக் கணக்கா ஒரு தலையிடியோ? ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போகேல்லையோ?"

அம்மா குசினிக்குள் எதையோ அடுப்பில் விட்டுவிட்டு வந்தவர்போல ஓடிவிடுவார். மாமி கொஞ்ச நேரம் முற்றத்தில் நின்று என் யன்னலைப் பார்த்துவிட்டுப் போவார். கதவிடுக்கால் நான் அவரைப் பார்ப்பேன்.

பாடத்தில் ஓரிடம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கருத்தைச் சோதித்துப் பார்த்த பிறகு, அது உண்மை என்று ஒருபோதும் சொல்லக்கூடாதாம். மறுக்கப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை என்று மட்டும்தான் சொல்லலாமாம். இதைக் கேட்டதும் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒருதடவையும் இருமாத அந்தக் குரல்காரன் முதன்முதலாக எங்கள் ஊர் ஆள்போலக் கதைத்தான். அன்றிலிருந்து பாடம் உண்மையாகவே பிடித்துப்போனது. விடியப்புறம் எழும்பிப் படித்தேன். கரண்ட் போனால், பொட்டடியில் மாமி இல்லை என்று பார்த்துவிட்டு, வெளிச்சத்துக்காக முற்றத்துக்கு வந்து, கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கணக்குச் செய்தேன். பிழைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். ஏச ஆளில்லாத குறையை நானே தீர்த்துவைத்தேன்.

கடைசிச் சோதனையும் வீட்டிலிருந்தே எழுதலாம். ஆனால் கமரா பார்த்துக்கொண்டிருக்கும். தொடங்குமுன் மடிக்கணினியைத் தூக்கி அறையின் சுவர்களையும், கட்டிலையும், மேசைக்கடியையும் காட்டவேண்டும். காதில் ஒன்றுமில்லை என்று முகத்தை இருபக்கமும் திருப்பிக் காட்டவேண்டும். அடையாள அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கவேண்டும். வேறு ஆள் அறைக்குள் இருக்கவே கூடாது. என்னைவிடப் பெரிய சந்தேகப் பிராணி ஒன்றை அன்றுதான் கண்டேன்.

நேரத்தை நாங்களே தெரிவுசெய்யலாம் என்பதால் வெள்ளிக்கிழமை மதியத்தைத் தெரிந்தெடுத்தேன். மாமி கோயிலில் இருக்கும் நேரம் அது. பூசை முடியாமல் திரும்பமாட்டார். அம்மா என் பழைய சட்டையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"வெள்ளைக்காரர் பாக்கப்போயினம். உதோடையோ இருக்கப்போறாய்?"

தீபாவளிக்கு எடுத்த சுடிதாரைப் போடவைத்தார். தலை இழுத்துப் பின்னிவிட்டார். அப்படியே போய் இருந்தால், முகம் தெளிவில்லை, வெளிச்சம் போதாது என்று கணினி முரண்டுபிடித்தது. வேறு வழியில்லை. மாதக்கணக்கில் பூட்டியிருந்த யன்னலை என் கையாலேயே திறந்தேன்.

சோதனை நன்றாகத்தான் போனது. முடித்துவிட்டு வெளியே வந்து கிணற்றடியில் முகம் கழுவியபோது, இனி எனக்குப் பயமில்லை என்று நினைத்தேன். இரண்டாம் நாள் மின்னஞ்சல் வந்தது. என் பெறுபேறு நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது, சோதனை நேரத்தில் வேறொருவரின் உதவி பெற்றதாகச் சந்தேகம் இருக்கிறது என்றது. கீழே ஒரு படம். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பக்கவாட்டில் யன்னல் கம்பிகளுக்கு நடுவே ஒரு பாதி முகம். நெற்றி நிறையத் திருநீறு. வாய் திறந்திருக்கிறது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், மாமிதான். பிறகு ஆத்திரம் வந்தது. இத்தனை மாதம் வேர்த்து விறுவிறுத்துப் படித்ததை ஒரு பாதி முகம் கெடுத்துவிட்டதே என்று அழுதேன். அம்மா படத்தைப் பார்த்தவுடன் நெஞ்சில் கைவைத்தார்.

"நான் அப்பவே சொன்னனான்! கோயிலாலை முந்தியே வந்து நிண்டிருக்கிறா. வாயைப் பார், என்னவோ சொல்லுறா. என்ன சொல்லியிருப்பா?"

அதே கேள்வியைத்தான் அவர்களும் கேட்டிருந்தார்கள். யன்னலில் நிற்பவர் யார், அவர் என்ன சொன்னார்? அவரே முகத்தைக் காட்டி, தன் மொழியிலேயே, நடந்ததைச் சொல்லி ஒரு வீடியோ அனுப்பவேண்டும். அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்களாம். எந்தக் கண்ணுக்கு ஒளித்தோமோ அந்தக் கண்ணையே கூட்டிக்கொண்டுவந்து கதிரையில் இருத்தவேண்டும். விடியும்வரை அம்மா அழுதார். விடிந்ததும் இருவரும் பொட்டால் நுழைந்து போனோம்.

மாமி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். அம்மா எனக்குப் பின்னால் ஒதுங்கினார். நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். படிப்பு, பல்கலைக்கழகம், சோதனை, படம். சொல்லச் சொல்ல மாமியின் கையில் விளக்குமாறு அசையாமல் நின்றது.

"அப்ப உது மாப்பிள்ளை இல்லையோ?" என்றார் கடைசியில்.

"எந்த மாப்பிள்ளை?"

அவர் விளக்குமாற்றை வேலியில் சாத்தினார். வீடியோ என்றதும் முகம் மாறிவிட்டது. "என்ரை முகம் எங்கை போகும்? ஆர் பாப்பினம்? பேந்து வந்து என்னைத் தேடுவினமோ?" என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை. சண்டைக் காலத்தில் எங்கள் மண்ணில் முகம்காட்டிச் சாட்சி சொன்னவர்கள் எல்லோரும் நன்றாக இருந்துவிடவில்லை. மாமியின் வயதுக்காரர்களுக்கு அது நன்றாகத் தெரியும். அந்தக் கமராவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று எனக்கே தெரியாது.

"யோசிச்சுச் சொல்லுறன்," என்றார். திரும்பி வரும்போது அம்மா, "அவ வரமாட்டா. ஒளிச்சுப்போட்டம் எண்டு மனதிலை வைச்சிருப்பா," என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். வந்தாலும், கோபத்தில் ஏதாவது ஏறுமாறாகச் சொல்லிவிடுவார் என்று பயந்தேன்.

பின்னேரம் மாமி வந்தார். தலைக்குத் தோய்ந்து, நல்ல சேலை உடுத்து, திருநீறு பூசி. என் கதிரையில் உட்கார்ந்து கமராவை நேரே பார்த்தார். நான் பதிவைத் தொடக்கினேன்.

"யன்னலடியிலை நிண்டது நான்தான். பிள்ளை வடிவா உடுத்து வெளிக்கிட்டு இருந்து, அறையைத் தூக்கித் தூக்கிக் காட்டிச்சுது. முகத்தை அங்கையும் இங்கையும் திருப்பிச்சுது. வெளிநாட்டு மாப்பிள்ளை பொம்பிளை பாக்கிறார் எண்டு நினைச்சன். எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே எண்டு மனம் கேக்கேல்லை. எட்டிப் பாத்தன். எனக்கு இங்கிலிசும் தெரியாது, கணக்கும் தெரியாது. நான் ஒண்டும் சொல்லிக்குடுக்கேல்லை. முருகா, பிள்ளைக்கு எல்லாம் நல்லபடியா முடியவேணும் எண்டு கும்பிட்டன். அதுதான் வாய் அசைஞ்சது."

முடிந்தது என்று பதிவை நிறுத்தக் கையை நீட்டினேன். மாமி நிறுத்தவில்லை.

"இன்னொண்டு. இந்தப் பிள்ளை களவாப் பாஸ் பண்ணிற பிள்ளை இல்லை. விடியமுதல் உந்த அறையிலை லைற் எரியும். கரண்ட் போனால் முத்தத்திலை இருந்து எழுதும். பிழைச்சால் தன்ரை தலையிலை தானே குட்டும். மாப்பிள்ளைக்காக இங்கிலிசு படிக்குதாக்கும் எண்டு நினைச்சனான். என்ன படிப்பெண்டு எனக்குத் தெரியாது. ஆனால் படிச்சது. ஒவ்வொரு நாளும் பாத்தனான்."

நான் படித்ததை உலகத்தில் ஒருவரும் பார்க்கவில்லை என்றுதான் இத்தனை மாதமும் நினைத்திருந்தேன். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றார்.

பதில் வரக் கொஞ்ச நாள் ஆனது. ஒரு காலை மின்னஞ்சலைத் திறந்தேன். விதிமீறல் நடந்தது என்று முடிவெடுக்கப் போதிய ஆதாரம் இல்லை, ஆகவே பெறுபேறு விடுவிக்கப்படுகிறது என்றிருந்தது. குற்றமற்றவள் என்று எழுத அவர்களுக்கு மனம் வரவில்லை. பரவாயில்லை, நானும் எழுதியிருக்கமாட்டேன். தேறியிருந்தேன், இடம் எனக்குத்தான். அறைக்குள்ளேயே துள்ளினேன்.

அம்மா ஓடிவந்து கட்டிப்பிடித்தார். பிடித்த கையோடு என் காதுக்குள் சொன்னார்: "பிளேன் ஏறுமட்டும் ஒருத்தருக்கும் மூச்சுவிடாதை. அவவுக்கும்தான்."

நான் தலையாட்டினேன். அம்மா குசினிக்குள் போகும்வரை பார்த்திருந்துவிட்டு வேலிப் பொட்டடிக்குப் போனேன். மாமி அந்தப் பக்கம் கறிவேப்பிலை முறித்துக்கொண்டு நின்றார். எல்லாவற்றையும் விசாரிக்கிற மனுசி, அன்று ஒன்றும் கேட்கவில்லை.

"மாமி, கிடைச்சிட்டுது," என்றேன் மெதுவாக.

"தெரியும். நீ துள்ளேக்கை பாத்தனான்," என்றார். பிறகு அம்மா நிற்கும் எங்கள் குசினிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்தார். "எனக்குச் சொன்னனீ எண்டு கொம்மாட்டைச் சொல்லிப்போடாதை. மனுசி பயப்பிடும்."