வெள்ளிக்கிழமை வட்டங்கள்

பாக்கியம் யாரையும் லேசில் நம்பிவிட மாட்டாள். பண்டமாரான் பாசாரில் மீன்காரர் எடுத்துக் கொடுப்பதைத் திருப்பி வைத்துவிட்டு, அடியில் கிடப்பதைத் தானே பொறுக்குவாள். அவள் வீட்டிலேயே ஒருவர் வேவு பார்த்தால் தெரியாமல் போகுமா?

தங்கை வனேசா மனநல வார்டில் சேர்ந்து ஐந்து வாரமாகிறது. அவள் பிள்ளைகள், ஒன்பது வயது செரீனாவும் நாலு வயது கெல்வினும், பாக்கியத்திடம் இருந்தார்கள். அப்பா இல்லாத பிள்ளைகள். சுங்கை பூலோவில் இருக்கும் சித்தப்பா லியோனல் ஞாயிறு தவறாமல் வீடியோ கால் போட்டு, “முடியலன்னா சொல்லுங்கக்கா, நான் கூட்டிட்டுப் போறேன்” என்பான். அக்கறையாம். பேச்சு இங்கே இருந்தாலும் கண் அடுப்படியை மேய்ந்துகொண்டிருக்கும். பிள்ளைகள் கைவிட்டுப் போனால் வனேசா முகத்தில் எப்படி விழிப்பது என்று பாக்கியத்துக்குப் பயம்.

இந்த நேரத்தில்தான் சுவரில் தொங்கும் சர்ச் காலண்டரில் பென்சில் குறிகளைப் பார்த்தாள். தினமும் ஒரு டிக். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வட்டம். செரீனா சாப்பிடும்போது தன் தட்டைவிட்டுப் பெரியம்மாவையே பார்ப்பதும் அப்போதுதான் உறைத்தது. லியோனல் பிள்ளையை வைத்தே துப்பு எடுக்கிறான் என்று முடிவுகட்டினாள்.

பெரிய வெள்ளி மத்தியானம். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்தார்கள். செரீனா நாற்காலியில் ஏறிப் பென்சிலை எடுத்ததும் பாக்கியம் கையும் களவுமாகப் பிடித்தாள்.

“சித்தப்பா எழுதச் சொன்னாரா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன டிக்கு, என்ன வட்டம்?”

“டிக்குன்னா பெரிம்மா மத்தியானம் சாப்ட்டீங்க. வட்டம்னா சாப்டல. அம்மாவும் மொதல்ல சாப்பாட்டத்தான் நிறுத்துனாங்க. நான் யார்கிட்டயும் சொல்லல. அப்புறம் ஹாஸ்பிட்டலுக்குக் கூட்டிட்டுப் போய்ட்டாங்க. நீங்களும் போய்ட்டா?”

“இது தவக்காலம்லா. வெள்ளிக்கிழமைன்னா பெரிம்மா மத்தியானம் சாப்பிடாம ஒருசந்தி இருக்கேன்.”

“அம்மாவும் ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னாங்க.”

பாக்கியத்துக்கு வெட்கமாகிவிட்டது. இந்தப் பிஞ்சையா வேவுக்காரி என்று நினைத்தோம் என்று மனசு அடித்துக்கொண்டது. முப்பது வருஷத்தில் ஒரு பெரிய வெள்ளியிலும் அவள் ஒருசந்தியை முறித்ததில்லை. ஒரு தட்டை எடுத்துச் சோறும் பருப்பும் போட்டுக்கொண்டு, செரீனாவுக்கு எதிரே உட்கார்ந்து கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டாள்.

“பாத்தியா, முடிஞ்சிருச்சு. டிக் போடு.”

செரீனா தட்டைத் தன் பக்கம் இழுத்து ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் நாற்காலியில் ஏறினாள்.