பொட்டு வைத்த வெல்டிங் மிஷின்

செப்டம்பர் பதினேழாம் தேதி காலை, திருவொற்றியூரில் கன்டெய்னர் பழுதுபார்க்கும் யார்டுக்குள் ஸ்கூட்டியை நிறுத்திய ஜானட், தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று ஒரு நிமிடம் விழித்தாள். வெல்டிங் மிஷின்களுக்கெல்லாம் சாமந்தி மாலை. சுத்தியல், ஸ்பானர், ஏணி, எதுவும் குங்குமப் பொட்டுக்குத் தப்பவில்லை.

கேட் பாஸ் எழுதும் மேசையில் எட்டு வருடம் தேய்ந்த பிறகு, மூன்று மாதம் பார்க்கலாம் என்று அவளுக்கு சூப்பர்வைசர் நாற்காலி கொடுத்திருந்தார்கள். மறுநாள் மதியம் ஆறு கன்டெய்னர்கள் கப்பலுக்குப் போயாக வேண்டும், மூன்றுதான் முடிந்திருந்தன. போகாவிட்டால் பழைய மேசைதான். மேனேஜர் அதை இன்னும் அப்புறப்படுத்தக்கூட இல்லை, படுபாவி மனிதர்.

"இன்னா பீதாம்பர் இது?"

ஒடிசா வெல்டர்களுக்குத் தலைவரான பீதாம்பர் பூந்தித் தட்டை நீட்டினார். "விஸ்வகர்மா பூஜா மேடம். இன்னிக்கு மிஷின் தொடமாட்டோம்."

ஜானட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்காகப் பூந்தியை விடவில்லை; மென்றுகொண்டே உள்ளூர் ஃபிட்டர் இசக்கிப்பாண்டியைக் கூப்பிட்டாள். "நீ ஆன் பண்ணு பாண்டி. உனுக்கு ஆயுத பூஜை அடுத்த மாசந்தானே?"

அவர் வீறாப்பாக சுவிட்ச் வரைக்கும் போனார். குங்குமத்தைப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "பொட்டு வச்சிட்டாங்களேக்கா, எப்டி தொடறது? நம்ம மிஷினுக்கு ஏன் வச்சானுங்கன்னு கேளு."

"உங்க மிஷின மட்டும் விட்டா நீங்க கோச்சுக்குவீங்கன்னு வெச்சோம்" என்றார் பீதாம்பர்.

ஜானட்டின் சுருதி இறங்கிவிட்டது. "நாளிக்கு மத்தியானம் கப்பல்யா. என் வேலையே பூடும்."

"நாளைக்கா? போன வாரம் சொல்லியிருந்தா நேத்தே முடிச்சிருப்போமே. எங்ககிட்ட வேலை மட்டும் சொல்றாங்க மேடம், தேதி சொல்றதில்ல."

அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. போன வாரமே கப்பல் தேதியை மிஷின் இரைச்சலுக்கு நடுவே கடகடவென்று தமிழில் ஒப்பித்துவிட்டு, "புரிஞ்சிதா?" என்று கேட்டிருந்தாள், எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலை நம்பியிருந்தாள்.

மேனேஜருக்கு போன் போட்டாள். "இன்னிக்கு மிஷின் ஓடாது சார். ஆளுங்க மேல தப்பில்ல, நான்தான் ஒயுங்கா சொல்லல." அந்த யார்டில் இப்படி ஒரு பேச்சை யாரும் பேசிக் கேட்டதில்லை. எப்படித் திட்டுவது என்று தெரியாமல் அவர், "நாளைக்குப் பாக்கறேன்" என்று போனை வைத்துவிட்டார்.

மறுநாள் யாரும் கூப்பிடாமலேயே காலை ஐந்தரைக்கு ஒடிசா, உள்ளூர் என்று இரண்டு கோஷ்டியும் வந்து நின்றன. பதினொன்றே முக்காலுக்கு ஆறாவது கன்டெய்னர் லாரி ஏறியது. மேனேஜர் வந்து பார்த்துவிட்டுப் போனார். சாயங்காலம் பழைய மேசைக்குப் புது ஆள் வந்து உட்கார்ந்தார்.

அன்றே ஜானட் சுவரில் ஒரு காலண்டரை மாட்டி, யாருக்கு எந்த நாள் முக்கியம் என்று கேட்டுக் கேட்டுக் குறித்தாள். எல்லாரும் சொல்லி முடித்ததும் பீதாம்பர் கேட்டார்: "உங்க நாள் எது மேடம்?"

எட்டு வருடமும் புனித வெள்ளியன்று சர்ச்சுக்குப் போகாமல் கேட் பாஸ் எழுதியவள் அவள். யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

"இருய்யா" என்றாள். "அடுத்த வருசம் அது என்னிக்கி வருதுன்னு பாத்துச் சொல்றேன்."