வியாழக்கிழமை, தெற்கே சூலம்

பள்ளிக்கூடத்தில் வேலை கேட்க மாசி மாதத்தை விட்டால் வேறு காலம் கிடையாது. ஆண்டுத் தேர்வுக்கு முன்னால்தான் எந்த டீச்சர் பிரசவத்துக்குப் போகிறார், யார் கணவரோடு பெங்களூருக்குக் குடிபோகிறார் என்பதெல்லாம் தலைமையாசிரியைக்குத் தெரியவரும். சித்திரையில் போய் நின்றால் இடம் நிரம்பியிருக்கும். பதினாலு வருஷத்துக்கு முன் கணக்கு டீச்சராக இருந்தபோது கற்ற இந்த விஷயம் எனக்கு மறக்கவில்லை. கணக்குதான் மறந்துவிட்டதோ என்று பயமாக இருந்தது.

ஆனால் வேலைக்குப் போயே ஆகவேண்டும். ஈக்காட்டுத்தாங்கலில் என் கணவர் வேலை பார்த்த கம்பெனியை மூடி எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த எட்டு மாதமும் அவர் வேலையைத் தேடவில்லை, வேலை தேடுவதற்கு நல்ல நாள் தேடிக்கொண்டிருந்தார். ஆடியில் கேட்கக் கூடாது, அஷ்டமியில் கூடாது, மார்கழி சுத்தமாகக் கூடாது. தையில் வழி பிறக்கும் என்று பார்த்தால் சந்திராஷ்டமம் வந்து குறுக்கே நின்றது. முதலில் கிண்டல் செய்தேன், அப்புறம் சண்டை போட்டேன், பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

அடையாறில் ஒரு பள்ளிக்கு எழுதிப்போட்டேன். வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு ஒரிஜினல் சான்றிதழ்களோடு வரச்சொன்னார்கள். இவர் நாள்காட்டித் தாளைப் புரட்டினார். முகம் வெளிறிவிட்டது.

"தெற்கே சூலம்டி. மயிலாப்பூர்லேர்ந்து அடையாறு தெற்குதானே?"

"நமக்காக அவா நாளை மாத்தமாட்டா."

"அப்போ பரஸ்தானமாவது வெச்சுடு."

கிளம்பும் நாள் சரியில்லை என்றால், முதல் நாளே நல்ல நேரத்தில், கையோடு கொண்டுபோக வேண்டிய ஒரு பொருளைப் போகிற திசையில் இருக்கும் வேறொருவர் வீட்டில் வைத்துவிடுவார்கள். அப்போதே கிளம்பியாகிவிட்டது என்று கணக்கு. அதுதான் பரஸ்தானம். ஒரு கைக்குட்டையை வைத்திருந்தாலே போதும். முக்கியமான பொருளாக இருந்தால்தான் பலிக்கும் என்றார் இவர். எனக்கும் உள்ளூர உதறல்தான். யார் என்ன சொன்னாலும் கேட்டிருப்பேன். புதன்கிழமை சாயங்காலம் சான்றிதழ் ஃபைலைத் தெற்குப் பக்கத்து ஃபிளாட் மாமியிடம் கொடுத்தேன். மாமி அதற்குக் குங்குமம் இட்டுப் பூஜை அலமாரியில் வைத்தாள்.

மறுநாள் காலை ஏழேகாலுக்கு மாமி வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. மாமிக்குப் போன் போட்டேன். பின்னால் நாதஸ்வரச் சத்தம்.

"ஐயையோ! வடபழனில கல்யாணத்துல இருக்கேன்டி. கார்த்தால அஞ்சு மணிக்கே வண்டி வந்துடுத்து. உன் ஃபைல் சுத்தமா மறந்துடுத்தே! சாவி எங்கிட்டன்னா இருக்கு!"

பூட்டை இழுத்துப் பார்த்தேன். என்ன புத்தியோ, ஜன்னல் வழியாகக் கைவிட்டுக்கூடப் பார்த்தேன். இவர் என் பின்னால் வந்து நின்றார்.

"இது சகுனம். இன்னிக்குப் போகவேண்டாம். வேற நாள் கேட்டுக்கலாம்."

அந்த 'வேற நாள்' என்ற வார்த்தையை எட்டு மாதமாகக் கேட்டிருந்தேன். வெறுங்கையோடு படியிறங்கி ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் பொய்களாக யோசித்தேன். பையை யாரோ பறித்துவிட்டார்கள். ஃபைல் வங்கி லாக்கரில் இருக்கிறது. வீட்டில் குழாய் உடைந்து எல்லாம் நனைந்துவிட்டது. ஒன்றையும் என் முகம் தாங்காது.

"இன்னாமா, இஸ்கூல் வந்து எவ்ளோ நேரம் ஆச்சு. எறங்கலியா?" என்றார் ஆட்டோக்காரர்.

தலைமையாசிரியை என் வயதுக்காரர்தான். "ஒரிஜினல்ஸ்?" என்று கை நீட்டினார். தயார் செய்திருந்த பொய் ஒன்றுகூட வரவில்லை. சூலம், பரஸ்தானம், மாமி, வடபழனிக் கல்யாணம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார்.

"நீங்க கணக்குதானே சொல்லித்தர வந்திருக்கீங்க?"

அவமானத்தில் காது சுட்டது. எழுந்து போய்விடலாம் என்று நாற்காலியின் கைப்பிடியைப் பற்றினேன்.

"எட்டாம் வகுப்புல இன்னைக்கு டீச்சர் இல்ல. அரை மணி நேரம் எடுங்க, பார்க்கலாம்."

சாக்பீஸ் இரண்டு முறை உடைந்தது. மூன்றாவது வரியில் கழித்தல் குறியை விட்டுவிட்டேன். ஒரு பெண் எழுந்து, "மிஸ், அங்க மைனஸ் வரும்" என்றாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியை ஏதோ எழுதிக்கொண்டார். செத்தேன் என்று நினைத்தேன். ஏன் மைனஸ் வரும் என்று அந்தப் பெண்ணையே விளக்கச் சொன்னேன். அவள் சொன்னதில் பாதி தவறு. அதைத் திருத்தும்போது எனக்குக் குரல் திரும்பியது. மணி அடித்த பிறகுதான் புடவை முதுகில் ஒட்டியிருப்பது தெரிந்தது.

"நாளைக்கு ஒரிஜினலோட வாங்க. ஜூன்ல சேர்ந்துக்கலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் கண்ணை மூடிக் கைகூப்பினார். "அப்பாடா" என்றார். கண்ணில் தண்ணீர். எனக்கும் அழுகை வந்தது.

"இனிமே நான் அலையவேண்டாம். நிதானமாப் பார்த்துக்கலாம், என்ன?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்தார்.

ஐந்து நிமிஷத்தில் குறட்டை கேட்டது. எட்டு மாதமாக அவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. இவர் இனி வேலைக்கென்று இந்த வீட்டை விட்டு இறங்கவே போவதில்லை என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. புடவையைக்கூட மாற்றாமல் அறை வாசலில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.