ஆணியிலிருந்து இறங்கிய கட்டை

இரண்டு கிலோ எழுநூற்றைம்பது கிராம் எடையில், அழுதே பிரசவ வார்டை இரண்டாக்கிய ஒரு பெண் குழந்தை. ஆறு புள்ளி இரண்டிலிருந்து பத்து புள்ளி எட்டுக்கு ஏறிய ரத்தம். மூன்றாம் வரிசையின் தலைப்பில் மூடி போட்ட ஒரு தண்ணீர்க் குடம். தூணில் வெறுமனே நிற்கும் ஓர் ஆணி. விடச் சொல்லியும் விடாத ஒரு வேலை. ஜெயிப்பாள் என்று யாரும் பந்தயம் கட்டாத ஒருத்தி ஜெயித்தவை இவ்வளவு. அவளுடைய அக்கா மட்டும் கட்டியிருப்பாள். அவளை யாரும் கேட்கவில்லை.

சட்டை தைக்கும் கம்பெனியில் அவள் காலர் பொருத்துபவள். அக்காவுக்கு அதே கூடத்தின் கோடியில், தைத்து வரும் சட்டைகளில் நூல் பிசிறு வெட்டும் மேஜை. மூன்றாம் வரிசையில் நாற்பது மிஷின், நாற்பது பெண்கள், ஒரே ஒரு கட்டை. சாண் நீள மரத்துண்டில் துளை போட்டுக் கயிறு கட்டி, வெள்ளைப் பெயிண்டில் 3 என்று எழுதி, தூணில் ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். கழிப்பறைக்குப் போகிறவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஆணியில் கட்டை இல்லையென்றால் மற்ற முப்பத்தொன்பது பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு தைக்க வேண்டும். போனவள் திரும்ப நாலு நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டால், உள்ளேயே குடித்தனம் வைத்துவிட்டாயா என்று சூப்பர்வைசர் கூடத்துக்கே கேட்கும்படி விசாரிப்பார்.

அந்த விசாரிப்புக்கு ஆளாகாதவள் அவள் ஒருத்திதான். ஆறு வருஷத்தில், சாப்பாட்டு மணி அடிக்கும் முன் அவள் கட்டையைத் தொட்டதே கிடையாது. காலையில் வீட்டில் அரை டம்ளர் தண்ணீர், மதியம் சாப்பாட்டோடு இரண்டு வாய், அவ்வளவுதான். மிஷின்காரிகள் அவளுக்கு 'ஒட்டகம்' என்று பெயர் வைத்தார்கள். கோபப்பட வேண்டியவள் பூரித்துப்போனாள். மணிக்கு அறுபது காலர் தைத்தால் போதும். ஒட்டகம் எழுபது தைத்தாள்.

முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும், ரத்தம் குறைவாக இருக்கிறது, தினம் ஒன்று போடு என்று நர்ஸம்மா இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். பதினோரு மணி டீக்கு மணி அடித்ததும் அக்கா எழுந்து வந்து, ஒரு மாத்திரையைப் பிரித்துத் தங்கையின் உள்ளங்கையில் வைப்பாள். அவள் அதை டீயோடு விழுங்குவாள். தண்ணீரில் போட்டால் இன்னும் அரை டம்ளர் உள்ளே போகும், பிறகு கட்டையைத் தேட வேண்டும். டீயோடு போட்டால் குமட்டாது என்பது அந்த வரிசையே கண்டுபிடித்த வைத்தியம். விழுங்கியதற்கு அடையாளமாக அக்கா காலண்டரில் கோடு போடுவாள். நூற்றுப் பன்னிரண்டு கோடுகள் ஆயின. அவள் நகங்களோ காகிதம் மாதிரி வெளுத்துக்கொண்டே போயின. மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். சிறுநீர் கழிக்கும்போது எரிந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

2011 பிப்ரவரி 22, செவ்வாய்க்கிழமை. ஏழாம் மாதம். அக்காவின் மேஜைக்கு ஒரு சட்டை வந்தது, காலர் தலைகீழாக. ஆறு வருஷத்தில் அப்படி ஒன்று வந்ததில்லை. அக்கா கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடினாள். புழுங்கும் கூடத்தில் தங்கை பற்கள் கிடுகிடுக்க, முதுகின் வலப்பக்கத்தைக் கையால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, மாத்திரை போடவே இல்லையா என்று கேட்டார். அக்காவுக்குச் சுருக்கென்றது.

"ஒரு நாள்கூட விடல டாக்டர். கோடு போட்டு வெச்சிருக்கேன். பதினோரு மணி டீயோட."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "டீயோடயா? டீ அந்தச் சத்தை உடம்புல சேர விடாதும்மா."

பிறகு தண்ணீரைப் பற்றிக் கேட்டார். கட்டையின் கதை வெளியே வந்தது. தண்ணீர் குடிக்காமல், அடக்கி அடக்கி வைத்ததில் கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருக்கிறது என்றார். காய்ச்சல் இறங்காவிட்டால் குழந்தை இப்போதே வந்துவிடும், ஏழு மாதத்தில் வந்தால் பிழைக்கும் என்று சொல்ல முடியாது. மூன்று நாள் ஊசி மேல் ஊசி, இரண்டு பாட்டில் ரத்தம். நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது, டாக்டரம்மாவின் குரல் இறங்கவில்லை. "இது திரும்பி வரும். தினம் மூணு லிட்டர் தண்ணி, வந்த உடனே போகணும். பழையபடி அடக்கினா அடுத்த தடவை உங்க ரெண்டு பேர்ல யாருக்கும் நான் பொறுப்பில்ல."

ஆறாம் நாள் சூப்பர்வைசர் வந்தார். கையில் ஒரு காகிதம், ஒரு மைப்பெட்டி. வருகைப் பதிவேட்டில் அவள் எப்போதும் வைப்பது கைநாட்டுதான், அது அவருக்குத் தெரியும். ஓய்வு எடும்மா, இதில் ஒரு விரல் வைத்தால் போதும் என்றார். ஐந்தாம் வகுப்புப் படித்த அக்கா எழுத்துக் கூட்டி வாசித்தாள். 'என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகுகிறேன்.'

லாரியில் மூட்டை ஏற்றிவிட்டு அப்போதுதான் வந்திருந்த தங்கையின் புருஷன், உயிர்தான் முக்கியம், விட்டுத் தொலை என்றான்.

"நான் எதுக்கு விடணும்? அந்தக் கட்டையை அவங்க விடட்டும்" என்றாள் அவள். சூப்பர்வைசர் மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார். "டிரிப் ஏறுது சார். கையை அசைக்கக் கூடாதாம்" என்றாள் அவள்.

டிரிப் ஏறியது இடது கையில். வலது கை பெருவிரலை உள்ளே மடக்கிக்கொண்டு போர்வைமேல் சும்மா கிடந்ததை எல்லோரும் பார்த்தார்கள். மைப்பெட்டியை மூடிய சூப்பர்வைசர், கேட்க வேண்டியதை மேனேஜரிடம் எழுத்தில் கேள், கைநாட்டுக்கெல்லாம் அங்கே பதில் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

கட்டிலின் தலைமாட்டில் தொங்கிய அட்டையில் நர்ஸின் குண்டு எழுத்தில் அவள் பெயர் இருந்தது. அதைப் பார்த்து முதலில் போர்வையில் விரலால் எழுதினாள், அப்புறம் காலி மாத்திரைப் பெட்டியின் உள்பக்கத்தில் பேனாவால். குடித்த டம்ளருக்கு ஒரு தடவை என்று தனக்குத்தானே கணக்கு வைத்துக்கொண்டாள். அக்கா கையைப் பிடித்து எழுதிக்காட்டப் போனபோது உதறினாள். "நீ போய் நூல் வெட்டு." முதல் எழுத்தின் வளைவு இரண்டு நாள் அவளுக்குத் தண்ணி காட்டியது. மூன்றாம் நாள் காலர் முனையை மடக்குகிற மாதிரி மடக்கிப் பார்த்தாள், படிந்தது.

வேலைக்குத் திரும்பிய அன்று டாக்டரம்மாவின் கடிதமும், அக்கா எழுதிய மனுவும், ஒரு பாட்டில் தண்ணீரும் கொண்டுபோனாள். மூன்றாம் வரிசைக்குக் கட்டை வேண்டாம், குடம் வேண்டும் என்பதுதான் மனு. முந்தைய வாரமே அக்கா அதை வரிசையில் காட்டியிருந்தாள். ஒட்டகம் முதலில் கையெழுத்துப் போடட்டும், அதற்குக் கீழே நாங்கள் போடுகிறோம் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அதனால் அடியில் வெற்றிடமாகவே இருந்தது.

போகிற வழியில் தூணிலிருந்த கட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டுபோய் மேனேஜரின் மேஜைமேல் வைத்தாள். அவர் மனுவைப் படித்து முடிக்கும்வரை நின்றபடியே தண்ணீர் குடித்தாள்.

"சரி, உனக்கு மட்டும் விட்டுடறேன். மத்தவங்களுக்கு எதுக்கு?"

"என் வரிசையில இன்னும் ரெண்டு பேர் மாசமா இருக்காங்க சார். ஒருத்தி வீட்லயே இன்னும் சொல்லல. அவங்களும் டீயோடதான் மாத்திரை போடறாங்க."

மேனேஜர் மனுவின் அடியிலிருந்த வெற்றிடத்தைப் பார்த்துவிட்டு இழுப்பறையிலிருந்து மைப்பெட்டியை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். அவள் அதைத் திரும்பத் தள்ளிவிட்டு, அவர் சட்டைப்பையில் இருந்த பேனாவைக் கேட்டு வாங்கினாள். வளைவை நிதானமாக மடக்கி, காகிதத்தின் அடியில் தன் பெயரை முழுதாக எழுதினாள். பக்கத்தில் தேதி போட வேண்டுமென்று அக்கா கதவோரத்திலிருந்து நினைவூட்டினாள்.

14.3.2011, திங்கட்கிழமை.