வாசல் விளக்கு எரிந்த பிறகுதான்

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஜோகூர் பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டில் நடந்தது இது. எங்களுடையது வரிசை வீடு. ஒட்டி ஒட்டிக் கட்டிய பத்துப் பன்னிரண்டு வீடுகளில் நடுவில் ஒன்று. பக்கத்து வீட்டில் தும்மினால் எங்களுக்குக் கேட்கும். ஆனாலும் அந்த வரிசையில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. என் வீட்டில் நடப்பதும் யாருக்கும் தெரியக் கூடாது என்று நினைப்பேன்.

என் குணம் அப்படி. யாரிடமாவது போய் ஒன்று கேட்க வேண்டும் என்றால் எனக்கு உயிரே போய்விடும். பக்கத்து வீட்டு மலாய் அம்மாவின் வேலியோரம் கறிவேப்பிலைச் செடி காடு மாதிரி வளர்ந்து நிற்கும். அவரை எல்லோரும் அத்தை என்ற அர்த்தத்தில் மக்சிக் என்றுதான் கூப்பிடுவோம். என் வீட்டில் கறிவேப்பிலை தீர்ந்துபோனால் அது இல்லாமலே தாளித்து இறக்கிவிடுவேனே தவிர, "மக்சிக், ஒரு கொத்து" என்று வாய் திறந்து கேட்க மாட்டேன்.

என் வீட்டுக்காரர் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் மின்சாரப் பிரிவில் சார்ஜ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு நுரையீரல் வம்பு பண்ண ஆரம்பித்தது. கடைசியில் டாக்டர், நாளில் பெரும்பாலான நேரம் ஆக்சிஜன் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின் ஒன்று வீட்டுக்கு வந்தது. அது வந்த அன்றைக்கே நான் ஹாலின் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டேன். ஐயோ பாவம் என்று யாரும் வாசலில் வந்து நிற்க வேண்டாம் என்பதுதான் என் எண்ணம்.

வெயில் ஏறினால் அவருக்கு மூச்சு இன்னும் சிரமப்படும். அதனால் ஹாலைக் குளிர வைக்க ஏர்கோன் வேண்டும். எங்களுடையது பழைய ஏர்கோன். வெளியே இருக்கும் அதன் கம்ப்ரசர் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் விளக்கு ஒரு தடவை மங்கி எழும். கூடவே ஆக்சிஜன் மெஷினும் பீப் என்று கத்தும். நான் ஓடிப்போய் மெஷினைப் பார்ப்பேன். அவர் மட்டும் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து மேலே விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"சின்ன வயசுல நாங்க இருந்த லாபிஸ் எஸ்டேட்ல லாரி சேத்துல மாட்டிக்கும் தெரியுமா?" என்றார் ஒருநாள். "மொத தள்ளுக்குத்தான் பத்து ஆளு வேணும். உருள ஆரம்பிச்சுட்டா ரெண்டு பேரு போதும். கம்ப்ரசரும் அப்படித்தான். எழும்பும்போது மட்டும் பல மடங்கு கரண்ட இழுக்கும்."

பிறகு, கூட வேலை பார்த்த நண்பரை வரவழைத்தார். கம்ப்ரசரை மெதுவாகக் கிளப்புகிற சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்ற சின்னப் பெட்டி ஒன்றைப் பொருத்தச் சொன்னார். மின்னல் அடிக்கும்போது பாய்ந்து வரும் மின்சாரத்தைத் தடுக்க, வீட்டு மின்சாரம் பிரியும் டிபி பாக்ஸில் இன்னொன்று. மின்சாரம் போய் வந்தால் ஏர்கோன் உடனே கிளம்பாமல் சில நிமிடம் பொறுத்துக் கிளம்புவதற்கு மூன்றாவதாக ஒன்று. மூக்கில் குழாயோடு உட்கார்ந்தபடியே அந்த நண்பரை அவர் விரட்டின விரட்டைப் பார்க்க வேண்டும். அன்றைக்கு அவர் நோயாளியாகவே தெரியவில்லை.

"எனக்குக் கூட இவ்வளவு பார்த்ததில்ல. ஏர்கோனுக்கு நல்லா வைத்தியம் பாக்கறீங்க" என்று கிண்டல் பண்ணினேன்.

அதற்குப் பிறகு விளக்கு மங்கவில்லை, மெஷின் கத்தவும் இல்லை. நம் வீடு பத்திரமாகிவிட்டது, இனி யார் தயவும் வேண்டாம் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

அந்த ஞாயிறு மத்தியானம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஜோகூர் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முதல் இடி கேட்டதுமே வரிசை முழுக்க மோடத்தின் பிளக்கையும் டிவி பிளக்கையும் பிடுங்குவார்கள். எங்கள் பக்கம் எல்லோருக்கும் இது பழக்கம். ஆனால் ஏர்கோனுக்குப் பிளக் கிடையாது, அதனால் அதை யாரும் நினைப்பதே இல்லை. பக்கத்தில் எங்கேயோ இடி விழுந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மின்சாரம் போனது.

ஓடிப்போய் அவரை ஆக்சிஜன் சிலிண்டருக்கு மாற்றினேன். எப்போதும் இரண்டு சிலிண்டர் இருக்கும். அன்றைக்கென்று ஒன்று நிரப்பப் போயிருந்தது, திங்கட்கிழமைதான் வரும். இருந்ததும் பாதிதான். ஆம்புலன்சுக்குப் போன் போட்டேன். சாலையில் மரம் விழுந்திருக்கிறது, தண்ணீரும் ஏறியிருக்கிறது, எப்படியாவது வருகிறோம், எப்போது என்று சொல்ல முடியாது என்றார்கள். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் கிளம்பிவிட்டான், ஆனால் எல்லைப் பாலத்தில் நெரிசல். நான் சிலிண்டரில் அளவு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். பழுது பார்க்கிறவர்கள் வண்டியில் வந்தார்கள். மின்சாரம் வந்தது. கைகூப்பிக் கும்பிட்டுவிட்டு மெஷின் சுவிட்சைத் தட்டினேன். அது உறுமத் தொடங்கியதும், எங்கள் வரிசைக்கு மின்சாரம் தரும் தெருமுனைப் பச்சைப் பெட்டியில் டம் என்று ஒரு சத்தம். மறுபடி இருட்டு. அவர்கள் பியூசை மாற்றி மறுபடியும் போட்டார்கள். மறுபடியும் அதே டம். கைவசம் இருந்த பியூஸ் தீர்ந்துவிட்டது, எடுத்துக்கொண்டு வருகிறோம், இந்த முறையும் போனால் நாளைக்குப் பெரிய குழு வந்துதான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வண்டி போய்விட்டது.

"கரண்ட் வந்து எவ்வளவு நேரத்துல போச்சு?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"வந்த மாதிரியே தெரியலங்க. உடனே போயிடுச்சு."

கண்ணை மூடிக்கொண்டு விரலால் ஏதோ கணக்குப் போட்டார். பிறகு நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"நம்ம ஏர்கோன் இல்ல. அது காத்திருக்கும். மத்த வீட்டு ஏர்கோன். கரண்ட் போகும்போது எல்லாம் ஓடிக்கிட்டு இருந்துச்சு. வந்ததும் அதுவா எழும்பும். எல்லா வீட்டுலயும் ஒண்ணா. பியூஸ் தாங்காது." மூச்சு வாங்கினார். "சுவத்துல இருக்கற ஏர்கோன் சுவிட்ச எல்லாரும் ஆப் பண்ணணும். போய்ச் சொல்லு."

"நானா?" என்றேன்.

அந்த நேரத்தில் அப்படிக் கேட்டேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கே நம்ப முடியவில்லை. மனுஷன் மூச்சுக்குத் தவிக்கிறார், எனக்கு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டக் கூச்சமாக இருக்கிறது. அவர் சிலிண்டர் முள்ளைக் காட்டினார். முள் சிவப்புக் கோட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

முதலில் மக்சிக் வீடு. மலாயில் கடகடவென்று சொல்லி முடித்தேன். எட்டு வருடம் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டவர். வாயில் கை வைத்துக்கொண்டார்.

"யா அல்லா, கெனப்பா தாக் சகாப்?" என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். ஆக்சிஜன் விஷயத்தைத்தான் கேட்டார் என்பது எனக்குப் புரிந்தது.

அடுத்து, அந்தச் சுவிட்ச் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. ரிமோட்டைத் தவிர யாரும் எதையும் தொட்டதில்லையே. கடைசியில் அலமாரிக்குப் பின்னால், கூரையை ஒட்டி இருந்தது. மக்சிக் விளக்குமாற்றுக் கம்பால் ஒரு குத்து விட்டார். தலையெல்லாம் ஒட்டடை விழுந்தது, சுவிட்ச் டக் என்று அணைந்தது. அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவரும் சிரித்தார்.

மூலை வீட்டில் இருப்பவர் ரயில் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சிலோன் தமிழர். எப்போதும் மடிப்புக் கலையாத சட்டை, விறைப்பான நடை. கர்வம் பிடித்தவர் என்று நானே முடிவு பண்ணி, எதிரில் வந்தால் தலையைக் குனிந்துகொள்வேன். அவரிடம் பாதி சொல்வதற்குள் அவருக்கு முழுவதும் புரிந்துவிட்டது.

"ஓம் பிள்ளை, விளங்குது. ஒற்றைத் தண்டவாளம். ஒரு ரயில் போய்ச் சேராமல் மற்றதை விடேலாது. நீங்கள் வீட்டை போங்கோ. அவரைப் பாருங்கோ. இதை நான் பார்க்கிறன்." குடையை விரித்தவர் நின்று திரும்பினார். "உங்கட மெஷின் சரியா ஓடுது எண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"வாசல் லைட்ட போடறேன் அங்கிள்."

"நல்லது. அது எரிஞ்ச பிறகுதான் மற்ற வீடுகள்."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் திரைச்சீலையை விலக்கினேன். வெளியே வெளிச்சம் கொஞ்சம் இருந்தது. தெருவில் அவர் குரல் ஒவ்வொரு வாசலாகப் போனது. மலாயில் ஒரு வீடு, தமிழில் ஒரு வீடு, சீனக் குடும்பம் இருக்கும் வீட்டில் ஆங்கிலமும் கையசைப்பும். எங்கெங்கோ நாற்காலி இழுபடுகிற சத்தமும் கம்பு சுவரில் இடிக்கிற சத்தமும் கேட்டன. கொஞ்ச நேரத்தில் அவர் எங்கள் ஜன்னல் கம்பிக்கு வெளியே வந்து நின்றார். ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறது, உள்ளே ஏர்கோன் ஓடியதா தெரியாது, கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள், போனும் எடுக்கவில்லை என்றார். என் வீட்டுக்காரர் ஒற்றை விரலைக் காட்டினார்.

"ஒண்ணுன்னா பியூஸ் தாங்கும்" என்றார். அந்த இரண்டு பேரும் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான்.

வண்டி திரும்பி வந்தது. பச்சைப் பெட்டியைத் திறந்தார்கள். மின்சாரம் வந்தது. மெஷினைத் தட்டினேன். உறுமியது. டம் என்ற சத்தத்துக்காக உடம்பு முழுக்கக் காதாக நின்றேன். சத்தம் வரவில்லை. மெஷினில் பச்சை விளக்கு நிலையாக நின்றதும் அவரைச் சிலிண்டரிலிருந்து மாற்றினேன். முள் சிவப்புக்குள் போயிருந்தது.

வாசல் விளக்குச் சுவிட்சில் விரலை வைத்தேன். அழுத்தப் பயமாக இருந்தது. இதைப் போட்டால் மறுபடி எல்லாம் போய்விடுமோ என்று ஒரு பைத்தியக்காரப் பயம்.

"ஒத்த பல்பு லைட்டுக்கு ஒண்ணும் ஆவாது, போடு லா" என்றார். குரலில் சிரிப்பு இருந்தது.

போட்டேன். வெளியே, "முதலாம் வீடு!" என்று ஓங்கி ஒரு குரல். ஒரு கம்ப்ரசர் கிளம்பி, மூச்சுப் பிடித்து, சீராக ஓடத் தொடங்கியது. "இரண்டாம் வீடு!" இன்னொன்று. மழை விட்டு, தரையிலிருந்து ஆவி கிளம்பும் புழுக்கம். எல்லோர் சட்டையும் முதுகில் ஒட்டியிருந்தது. ஆனாலும் ஒருவர்கூட முந்தவில்லை. தன் முறை வரும்வரை வாசலில் நின்று எங்கள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். யார் பார்த்தால் என்ன என்று அழுதேன்.

ஆம்புலன்ஸ் வந்து பார்த்துவிட்டு, நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிப் போனது. மகன் வந்து சேர்ந்தபோது ஹாலில் மக்சிக் கொண்டுவந்த தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் திரையை மூடவில்லை. மூலை வீட்டுக்காரர் சாயங்காலமானால் வந்து உட்காருவார். எந்த ஏர்கோனுக்கு எந்தப் பெட்டி வைப்பது என்று கேட்க ஆட்கள் வந்தார்கள். என் வீட்டுக்காரர் மூக்கில் குழாயோடு எல்லோருக்கும் லாரிக் கதையைச் சொன்னார். சில வீடுகளில் பொருத்தியும் கொண்டார்கள். நானும் மக்சிக்கிடம் கறிவேப்பிலை கேட்கப் பழகிக்கொண்டேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் அவர் போய்விட்டார். மழையும் மின்வெட்டும் காரணம் இல்லை. நுரையீரல் அதற்கு மேல் ஒத்துழைக்கவில்லை. வரிசையே வந்து நின்றது. காரியமெல்லாம் முடிந்த பிறகு ஆக்சிஜன் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அது இருந்த இடத்தில் இப்போது எதையும் வைக்கவில்லை.

போன மாதம் மறுபடி ஒரு மத்தியானம் இடி, மின்னல். மின்சாரம் போனது. நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். எனக்கு இனி என்ன அவசரம்? அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் கம்பு இடிக்கிற சத்தமும், டக் என்று ஒரு சத்தமும் கேட்டன. பிறகு அதற்கடுத்த வீட்டிலும் கேட்டது. நல்ல பழக்கம்தான், பியூசுக்கு நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

அரை மணியில் மின்சாரம் வந்தது. என் பிரிட்ஜ் முனகியது, காற்றாடி சுற்றியது. ஆனால் வெளியே ஒரு கம்ப்ரசர் சத்தமும் இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கதவைத் திறந்தேன். மக்சிக் தலைத்துணி நுனியால் விசிறிக்கொண்டு கேட் அருகே நின்றார். சீன வீட்டுக்காரர் பனியனோடு வாசலில் நின்றார். மூலை வீட்டில் அந்தப் பெரியவர் கைகளைப் பின்னால் கட்டியபடி எங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் தெரியும், உள்ளே மெஷினும் இல்லை, அவரும் இல்லை. ஆனாலும் என் விளக்கு எரியும்வரை யாரும் சுவிட்சைத் தொடுவதாக இல்லை.

நான் உள்ளே போய் வாசல் விளக்கைப் போட்டேன். "முதலாம் வீடு!" என்ற குரல் கேட்டது.

யாரிடமும் ஒன்றும் கேட்கக் கூடாது என்றே பாதி ஆயுளைக் கழித்தவள் நான். கேட்காமலேயே அத்தனை பேரும் வியர்க்க வியர்க்க எனக்காக நின்ற அந்தச் சில நிமிடங்களை நினைக்கும்போதெல்லாம், அவர் போன பிறகும் இந்த வீட்டில் நான் தனியாக இல்லை என்று தெம்பாக இருக்கிறது.