காவி வேட்டியும் துணி கிளிப்பும்

போன வருஷம் புரட்டாசி மாதம் நடந்தது இது. திருவண்ணாமலையில் வேங்கிக்கால் பக்கம், புதிதாக முளைத்த தெருக்களில் ஒன்றில் எங்கள் வீடு. கலெக்டர் ஆபீஸ் எதிரில் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு கொடுக்க வருகிறவர்களோடு நாள் முழுக்கப் பேசிப் பேசி எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்த எல்லாவற்றுக்கும் அந்த வாய்தான் காரணம்.

எங்களுக்கு ஒரே பையன். அப்போது ப்ளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தான். நல்ல உயரம், ஆனால் ஒல்லி. யூனிஃபார்ம் சட்டையை ஹேங்கரில் மாட்டினாலும் அவன் மேல் மாட்டினாலும் ஒரே மாதிரிதான் தொங்கும். பாருங்கள், இப்போதுகூட வாய் சும்மா இருக்கிறதா?

அதற்கு முந்தின மாதம் கீழ்பென்னாத்தூரில் என் தம்பி மகளுக்குக் காதுகுத்து. பந்தியில் சாம்பார் அண்டாவை ஒரு பக்கம் என் மகனும் இன்னொரு பக்கம் தம்பியும் தூக்கினார்கள். நாலு அடி வைப்பதற்குள் மகன் பக்கம் அண்டா இறங்கி, சாம்பார் தரையில் சிந்திவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். "காத்தடிச்சா பறந்துடுவான்னு எங்க வூட்ல இவனுக்கே துணி கிளிப்பு போட்டுதான் வெக்கிறோம்" என்றேன். சமையல்காரர் வரைக்கும் சிரித்தார். மகனும் சிரித்தான் என்றுதான் நினைத்தேன்.

புரட்டாசி பிறந்ததும் அவன் போக்கு மாறியது. ஏழு மணிக்கு உலுக்கி எழுப்ப வேண்டிய பிள்ளை ஐந்து மணிக்குத் தானாக எழுந்தான். எழுந்ததும் அறையை உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டான். கதவில் காதை வைத்துக் கேட்டால் உஸ் உஸ் என்று மூச்சுச் சத்தமும், நடுநடுவே ஏதோ முணுமுணுப்பும். பஜ்ஜி, போண்டா, பரோட்டா எதையும் தொடவில்லை. முளைகட்டின பயறும் வேகவைத்த வேர்க்கடலையும் போதும் என்றான். மடக்குக் கட்டிலைச் சுவரோரம் சாய்த்துவிட்டுத் தரையில் படுத்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் சாயங்காலம் மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்து மலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வேறு ஊராக இருந்தால், பையன் யாரையோ காதலிக்கிறான் என்று நினைத்திருப்பேன். எங்கள் ஊர் அப்படி இல்லையே. பெரிய வேலையையும் குடும்பத்தையும் விட்டுவிட்டு வந்து மலையடிவாரத்தில் உட்கார்ந்துவிடுகிறவர்களைத் தினம் பார்க்கிறோம். இவனும் அப்படிச் சாமியாராகிவிடுவானோ என்று பயந்தேன்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன். அவருக்குச் செங்கம் ரோடில், ஆசிரமத்துப் பக்கம், இரண்டு ரூம் வாடகைக்கு விட்டிருக்கிறது. அந்த விஷயத்தில் அவர் பேச்சுக்கு எங்கள் தெருவில் மறுபேச்சு கிடையாது. "எத்தினி பேர பாத்துட்டேன். மொதல்ல போண்டாவ வுடுவாங்க. அப்பறம் பேச்ச வுடுவாங்க. அப்பறம் வூட்டையே வுடுவாங்க" என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். முதலில் அவர் சிரித்தார். அப்புறம் ஒருநாள் பீரோவைத் திறந்தால், சபரிமலைக்கு மாலை போட்டபோது வாங்கிய காவி வேட்டியைக் காணோம். அவர் முகம் விழுந்துவிட்டது. அதே வாரம் சமையலறையில் அம்மிக் குழவியையும் காணோம். மிக்ஸி வந்ததிலிருந்து சும்மாதான் கிடந்தது, ஆனாலும் குழவியை யார் திருடுவார்கள்? "ரூம்ல லிங்கமா வெச்சி பூஜை பண்றானோ என்னமோ" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. எங்களுக்கும் அப்படித்தான் பட்டது.

அவனை எப்படியாவது உலக வாழ்க்கைப் பக்கம் இழுத்துவிட வேண்டும் என்று இறங்கினோம். பிரியாணி செய்யலாம் என்றால் புரட்டாசி. அதனால் பூரி, பால்கோவா, முந்திரி போட்ட கேசரி என்று தினம் ஒன்று செய்தேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவான். என் வீட்டுக்காரர் ஒருநாள் சாப்பிடும்போது, "ஆசிரமத்து சாப்பாட்டுல உப்பு காரம் ரொம்ப கம்மிடா" என்றார். அவன் திருதிருவென்று விழித்து, "எந்த ஆசிரமம்பா?" என்றான். நான் அதோடு விட்டேனா? "நல்லா படி கண்ணு, நல்ல பொண்ணா பாத்து கட்டி வெக்கிறோம்" என்றேன். பதினாறு வயசுப் பிள்ளைக்குப் புரையேறிவிட்டது. தட்டைப் போட்டுவிட்டு அறைக்குள் போனவன்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பக்கத்து வீட்டு அக்கா பூ கொடுக்க வந்திருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் அறையில் தடால் என்று ஒரு சத்தம், கூடவே "அம்மா" என்று ஒரு முனகல். நான் கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. இவர் தோளால் ஒரே இடி இடித்தார். தாழ்ப்பாள் பிய்ந்து விழுந்தது.

உள்ளே என் பிள்ளை சட்டையில்லாமல் தரையில் குப்புறக் கிடந்தான். முதுகில் ஸ்கூல் பேக். பாரம் தாங்காமல் ஜிப் பிளந்து, ப்ளஸ் ஒன் கைடுகள் எல்லாம் அவன் கழுத்து வழியாகச் சரிந்து கிடந்தன. கூடவே உருண்டு வந்து கட்டில் காலில் முட்டி நின்றிருந்தது என் அம்மிக் குழவி. காவி வேட்டி நாலாக மடித்து அவன் உள்ளங்கைக்குக் கீழே கிடந்தது, டைல்ஸ் தரை வியர்வையில் வழுக்காமல் இருப்பதற்காக.

எங்களைப் பார்த்ததும் அவன் துள்ளி எழுந்து அந்த வேட்டியை இழுத்துக் கழுத்து வரை போர்த்திக்கொண்டான். "அட, புள்ள தண்டால் எடுக்குது. நாம என்னமோ சாமியாரா பூடுவான்னு பயந்தோம்" என்று சொல்லி அக்கா சிரிக்க ஆரம்பித்தார். இவரும் சிரித்தார். பயம் போன நிம்மதியில் எல்லோரையும்விட நான்தான் அதிகமாகச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தபடி, "எல்லாரும் வெளிய போங்க" என்றான்.

வெளியே வரும்போது சுவரைப் பார்த்தேன். என் கடையில் வீணாய்ப் போன ஜெராக்ஸ் தாள்களின் பின்பக்கத்தில் தேதி போட்டு எழுதியிருந்தான். சுவர் பத்து. மேசை ஆறு. முட்டி போட்டு நாலு. முட்டி போட்டு ஐந்து. அந்தத் தாள்கள் ஆணியில் தொங்கின ஒரு நீல நிறத் துணி கிளிப்பில் இருந்தன. எனக்குச் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

மறுநாளிலிருந்து அவன் ஏழு மணிக்குத்தான் எழுந்தான். கட்டிலை விரித்துப் படுத்தான். குழவி கழுவித் துடைத்து அம்மி மேல் வந்து உட்கார்ந்தது. வேட்டி மடிப்பு கலையாமல் பீரோவுக்குப் போனது. பஜ்ஜி கொடுத்தால் மறுக்காமல் சாப்பிட்டான். என் பிள்ளை சாமியாராகப் போகவில்லை, நான் வேண்டிக்கொண்டது கிடைத்துவிட்டது. ஆனால் வீட்டுக்குள்ளேயே முழுக்கைச் சட்டையைக் கழுத்து வரை பட்டன் போட்டுக்கொண்டு, கூனிக்கொண்டு நடந்தான். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

நாலாம் நாள் அவன் அறையைப் பெருக்கும்போது அந்தத் தாள்கள் குப்பைக்கூடையில் கிடந்தன. எடுத்து நீவி வைத்துக்கொண்டு, அவன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கிளிப்பைக் காட்டிக் கேட்டேன்.

"நீதானம்மா சொன்ன. அத பாத்தா கோவம் வரும். கோவம் வந்தா இன்னும் ஒண்ணு எடுப்பேன்" என்றான். குரலில் கோபமே இல்லை. "ஜிம்முக்குப் போனா எல்லாரும் பாப்பாங்க. வூட்ல யாரும் பாக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

"தப்பு என் மேலதான் கண்ணு" என்றேன். "பரவால்லமா" என்றான். ஆனால் மறுநாளும் ஐந்து மணிக்கு எழுந்திருக்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் காலை ஐந்து மணிக்கு நான் எழுந்தேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவன் அறைக்குப் போய், அவன் எழுதியிருந்த முதல் வரியை ஆரம்பித்தேன். சுவர் பத்து. சுவரில் இரண்டு கையையும் ஊன்றி முன்னால் சாய்ந்து, மறுபடி தள்ளி நிமிர வேண்டும். அவ்வளவுதானே என்று நினைத்தேன். நாலாவதிலேயே எனக்கு மூச்சு இரைத்தது. நான் விட்ட உஸ் உஸ்ஸுக்கு அவன் விட்டது ஒன்றுமே இல்லை. போர்வைக்குள் அசைவு தெரிந்தது. ஆறாவது வரும்போது, "முதுகு வளையுதுமா" என்று ஒரு குரல். ஏழாவதை வேண்டுமென்றே இன்னும் மோசமாகச் செய்தேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் உண்மையிலேயே அவ்வளவுதான் வந்தது. எட்டாவதில் அவன் பொறுக்க முடியாமல் எழுந்து வந்துவிட்டான்.

"வயித்த இறுக்கிப் புடி. தலைய தொங்கப் போடாத. மெதுவா எறங்கு."

பத்து முடித்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவன் எனக்கு எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினான். முதலில் சுவர், பிறகு மேசை விளிம்பு, பிறகு முட்டி ஊன்றி, கடைசியில்தான் முழுத் தண்டால். வாரத்தில் மூன்று நாள் போதும், நடுவில் உடம்புக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். மாடியில் உட்கார்ந்து மலையைப் பார்த்தது எதற்கு என்று கேட்டேன். "அது ரெஸ்ட் நாளும்மா. சும்மா உக்காந்திருந்தேன்" என்றான். கட்டிலைச் சாய்த்தது தரையில் இடம் வேண்டும் என்றுதானாம், முணுமுணுத்தது எண்ணிக்கையாம். குழவியைப் பையில் வைத்தது அவசரப்பட்டுச் செய்த தப்பாம், அதற்கு இன்னும் நாள் இருக்கிறதாம். அதைச் சொல்லும்போது லேசாகச் சிரித்தான். அவன் அப்பா அன்று சாயங்காலமே ஒரு பெரிய தாழ்ப்பாளாக வாங்கி வந்து, கதவில் பொருத்தினார். காவி வேட்டியையும் எடுத்து அவன் கட்டில் மேல் வைத்துவிட்டுப் போனார்.

பொங்கலுக்குக் கீழ்பென்னாத்தூர் போனோம். எல்லோரும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். என் தம்பி ஞாபகமாக, "என்னக்கா, இன்னும் கிளிப்பு போட்டுதான் வெக்கிறியா?" என்றான். அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள், அடுத்த ஜோக் வரும் என்று.

"அன்னிக்கு நான் சொன்னது தப்புடா. அத இத்தோட வுட்டுடு" என்றேன். அத்தனை பேர் முன்னால் தப்பு என்று சொல்வது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு எழுந்து, முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் மடித்தான்.

"மாமா, நீங்க எத்தினி எடுப்பீங்க?" என்று கேட்டுவிட்டுத் தரையில் கையை ஊன்றினான். யார் பார்க்கிறார்கள் என்று அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பதினாலு முழுத் தண்டால் எடுத்தான். என் தம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, மூன்றாவதில் அப்படியே படுத்துவிட்டான். அவன் மகள்தான் கையைப் பிடித்து எழுப்பிவிட்டாள்.

என் மகன் இப்போதும் ஒல்லிதான். நான் மேசை வரைக்கும் வந்திருக்கிறேன். அவன் சுவரில் தொங்கும் தாளில் எனக்கும் ஒரு வரிசை போட்டிருக்கிறான், அதை அந்த நீல கிளிப்தான் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஊரெல்லாம் சிரித்த ஒரு வார்த்தையை என் பிள்ளை மட்டும் எத்தனை நாள் தனியாகச் சுமந்திருக்கிறான் என்பது, மாடியில் துணி காயப் போடக் கிளிப்பைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது; நுனிநாக்கில் இருக்கிற அடுத்த ஜோக்கை விழுங்கிக்கொள்கிறேன்.